மேற்கு கோபுர வாசல்

காஞ்சிபுரத்துக்குச் சாமி கும்பிடப் போகிறவர்களைச் சைவர், வைணவர், சாக்தர் என்று பிரிப்பதெல்லாம் புத்தகக் கணக்கு. ரோட்டில் இரண்டே ஜாதி. சைரன் அடிக்கிற ஜாதி. சைரன் கேட்டு ஓரம் கட்டுகிற ஜாதி.

சந்தேகம் இருந்தால் படப்பை பஸ் ஸ்டாப்பில் வந்து கொஞ்ச நேரம் நில்லுங்கள். தாம்பரம், முடிச்சூர், மண்ணிவாக்கம் ஜனமெல்லாம் வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் எங்களைத் தாண்டித்தான் காஞ்சிக்குப் போக வேண்டும். பஸ் படியில் தொங்குகிறவர், ஒரே பைக்கில் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், பூக்கூடை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகிறவர், காசு சேர்த்து வேன் பிடித்து வருகிற சுயஉதவிக் குழு அம்மாக்கள், எல்லோரையும் பார்க்கலாம். திடீரென்று போலீஸ்காரர் விசில் ஊதுவார். அத்தனை பேரும் மண்ணில் இறங்குவார்கள். நாலைந்து வெள்ளை இன்னோவா பறக்கும். உள்ளே இருப்பவரும் சாமி கும்பிடத்தான் போகிறார். அவருக்கு அவசரம். நமக்கு என்ன அவசரம்? நாம் சும்மா பிறந்தவர்கள்.

படப்பைக்குப் பக்கத்தில் மணிமங்கலம் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியைப் பிடிக்கப் படையோடு வந்த சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியை நரசிம்மவர்மப் பல்லவன் அடித்து விரட்டிய களங்களில் ஒன்று. கூரம் செப்பேட்டில் ஊர்ப் பெயரே இருக்கிறது. பாவம் பல்லவன். யானை, குதிரை, காலாள் என்று என்னென்னவோ திரட்டினான். இன்றைக்கு அவ்வளவு செலவு வேண்டாம். ஒரகடத்துக் கம்பெனிக்குப் போகிற கன்டெய்னர் லாரி ஒன்று படப்பை பஜாரில் குறுக்கே திரும்பினால் போதும். புலிகேசி இருட்டும் வரைக்கும் மண்ணிவாக்கத்திலேயே நிற்பான். இந்த நெரிசலுக்கு மருந்து என்று மேம்பாலம் கட்ட ஆரம்பித்தார்கள். ஆண்டுக்கணக்கில் இழுத்தார்கள். மருந்து வரும் வரை நோயாளி தூசி தின்றான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் காஞ்சியில் கும்பிட வேண்டிய சந்நிதி இரண்டு. ஒன்று கோயில். இன்னொன்று கலெக்டர் ஆபீஸ். 2019 நவம்பரில் மாவட்டத்தைப் பிரித்தபோது தாம்பரம் செங்கல்பட்டோடு போனது. படப்பை காஞ்சியோடு நின்றுவிட்டது. அதனால் பட்டாவில் பெயர் தப்பாக இருந்தாலும், முதியோர் பென்ஷன் நின்றுபோனாலும், சுமார் 40 கிலோமீட்டர் பஸ் ஏறி, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் போய் நிற்க வேண்டும். வாசலில் போலீஸ் பையைத் துழாவும். 2017இல் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே தீக்குளித்து மாண்டது. அதற்குப் பிறகு எல்லா ஊரிலும் இந்தச் சோதனை. அரசாங்கம் பாடம் கற்றுக்கொண்டது என்பதற்கு இதுவே அத்தாட்சி. வருகிறவர் பையில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று கருத்தாகப் பார்க்கிறார்கள். மனுவில் என்ன இருக்கிறது என்று அதே கருத்தோடு பார்த்திருந்தால் மண்ணெண்ணெய்க்கு வேலையே இருந்திருக்காது.

கோயில் கதைக்கு வருவோம். 2019.

அந்த வருஷக் கோடையைச் சென்னை மறக்காது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டன. எங்களுக்குப் பக்கத்து ஏரியான செம்பரம்பாக்கத்தில் தரை பாளம் பாளமாக வெடித்தது. ஓட்டல்கள் மத்தியானச் சாப்பாட்டை நிறுத்தின. ஐடி கம்பெனிகள் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்றன. வீட்டிலும் தண்ணீர் இல்லை என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. தாம்பரம் முதல் படப்பை வரை தெருவுக்குத் தெரு பிளாஸ்டிக் குடம் வரிசை கட்டியது. அப்போதுதான் காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்துக்குள்ளிருந்து அத்திவரதர் வெளியே வந்தார். 40 வருஷத்துக்கு ஒரு தடவை. 1979க்குப் பிறகு அப்போதுதான். ஜூலை 1இல் தரிசனம் ஆரம்பம். ஜூலை முழுக்கச் சயனக் கோலம், ஆகஸ்ட் பிறந்ததும் நின்ற கோலம். படையெடுப்புக்குப் பயந்து ஒரு காலத்தில் அவரைத் தண்ணீருக்குள் ஒளித்து வைத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. 2019இல் நடந்ததைப் பார்த்த பிறகு எனக்கு அந்தக் கதையில் சந்தேகமே இல்லை.

ஜூலை 12ஆம் தேதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. 50 வேகன். 25 லட்சம் லிட்டர். அமைச்சர்கள் பூத்தூவி வரவேற்றார்கள். ஒரு நகரத்தை நடத்தத் தெரியாமல் இரவல் தண்ணீர் வாங்குகிறோம் என்று கூசுவதற்குப் பதில், கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வந்த மாதிரி விழா எடுத்தார்கள். அதே நாள் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் அத்திவரதரைத் தரிசிக்கக் காஞ்சிக்கு வந்தார். வரட்டும். அவருக்கும் பக்தி உண்டு. ஆனால் தலைவர் வருகிற நேரத்துக்கு ஜனங்களின் வரிசை நின்றுவிடும் என்பது எழுதாத ஆகமம். ஒரே நாள், இரண்டு வரிசை. சென்னையில் ஒரு குடம் தண்ணீருக்கு. காஞ்சியில் தண்ணீரிலிருந்து வந்த தெய்வத்துக்கு. இரண்டிலும் நின்றது ஒரே ஆள்தான்.

ஏற்பாடுகள் எப்படி? பொதுத் தரிசனத்துக்குக் கிழக்கு கோபுரம். விஐபிகளுக்கு மேற்கு கோபுரம். கிழக்கில் பந்தல் போட்ட சந்துக்குள் ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம், சனி ஞாயிறு என்றால் கணக்கே இல்லை. மேற்கில் பாஸ். பாஸிலும் ஜாதி உண்டு. விஐபி பாஸ், விவிஐபி பாஸ், டோனர் பாஸ். இது போக ஆன்லைனில் 300 ரூபாய் டிக்கெட். விவிஐபி என்றால் யார் என்று சட்டத்தில் எங்கும் கிடையாது. நம் ஊரில் அதற்கு ஒரே விளக்கம்தான்: போலீஸ்காரரை ஒருமையில் பேசியும் அடி வாங்காமல் திரும்பக்கூடியவர். எம்எல்ஏவின் மச்சான் விஐபி. மச்சானின் டிரைவர் டிரைவராக வந்தால் பொதுஜனம்; பாஸைக் கையில் பிடித்து வந்தால் அவரும் விஐபி.

ஜூலை 18ஆம் தேதி கூட்டத்தில் சிக்கி நாலு பேர் செத்தார்கள்.

நாலு பேர். சாமி பார்க்க வந்தவர்கள். கிழக்கு வரிசைக்காரர்கள். நெரிசல் என்று கூட்டத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். நெரிசல் இல்லை, உடம்புக்கு முடியாதவர்கள் என்று நிர்வாகத் தரப்பில் விளக்கம் வந்தது. இந்த விளக்கத்தை நாம் பல ஊர்களில் கேட்டிருக்கிறோம். நம் நாட்டில் நெரிசலில் யாரும் சாவதில்லை. எல்லோரும் ஏற்கெனவே பலவீனமாக இருந்து, சரியாக நெரிசல் நடக்கிற நேரம் பார்த்து, நெரிசல் நடக்கிற இடத்துக்கே போய்ச் சாகிறார்கள். எத்தனை ஆயிரம் பேர் வரலாம் என்று முன்கூட்டி யோசிக்க முடியாது என்றும் சொன்னார்கள். முன்கூட்டியா? 40 வருஷம் கொடுத்திருந்தாரே பெருமாள்! உலகத்தில் எந்த அரசாங்கத்துக்காவது ஒரு நிகழ்ச்சிக்கு 40 வருஷ நோட்டீஸ் கிடைத்திருக்கிறதா? 1979இல் எம்ஜிஆர் முதலமைச்சராக இருந்தபோதே தெரியும், 2019இல் இது வரும் என்று. அதற்கப்புறம் எத்தனை முதலமைச்சர்கள், எத்தனை கலெக்டர்கள், எத்தனை ஆய்வுக் கூட்டம், எத்தனை முந்திரி பக்கோடா. கடைசியில் கூட்டத்தைக் கட்டுப்படுத்த நம்மிடம் இருந்த கருவிகள்: சவுக்குக் கட்டை, கயிறு, விசில்.

நாலு பேர் செத்ததற்குப் பிறகு அதிகாரிகளுக்குள் பொறுப்பு யாருடையது என்று பெரிய சண்டை நடந்திருக்க வேண்டும். சண்டை நடந்தது. ஆகஸ்ட்டில். ஊரே செல்போனில் பார்த்தது. மாவட்ட ஆட்சியர் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரைப் பொது இடத்தில் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். சஸ்பெண்ட் பண்ணிவிடுவேன் என்று கத்தினார். அந்த இன்ஸ்பெக்டர் பாவம், விறைத்து நின்று கேட்டுக்கொண்டார். என்ன குற்றம்? பாஸ் இல்லாதவர்கள் விஐபி வாசல் வழியாக நுழைந்துவிட்டார்களாம். மனித உரிமை ஆணையம் வரை போனது. ஆட்சியர் பின்னால் வருத்தம் தெரிவித்தார். வேலைப்பளு, மன அழுத்தம், எல்லாம் சரி. கோபம் எந்த இடத்தில் வந்தது என்பதுதான் விஷயம். கிழக்கு வாசலில் உயிர் போனபோது விளக்கம் வந்தது. மேற்கு வாசலில் பாஸ் இல்லாதவன் புகுந்தபோது கோபம் வந்தது.

அந்தக் கோபமும் வேலை செய்யவில்லை என்பது அடுத்த கூத்து. அதே நாட்களில்தான் மதுரைப் பக்கத்து ரவுடி ஒருவர், போலீஸ் ரெக்கார்டில் பேர் உள்ளவர், நடமாடும் நகைக்கடை மாதிரி கழுத்திலும் கையிலும் தங்கத்தை அள்ளிப் போட்டுக்கொண்டு, விவிஐபி இடத்தில் அத்திவரதர் முன்னால் சாவகாசமாக உட்கார்ந்திருந்த படம் வெளியானது. யார் பாஸ் கொடுத்தது என்று விசாரணை என்றார்கள். விசாரிக்க என்ன இருக்கிறது? அந்த வாசலுக்கு என்ன தகுதி வேண்டுமோ அது அவரிடம் இருந்தது. அவரைப் பார்த்து ஒதுங்காதவர் உண்டா?

இதெல்லாம் கலிகாலத்துப் புதுமை என்று யாராவது தலையில் அடித்துக்கொண்டால் நம்பாதீர்கள். இதே வரதராஜருக்கு ராபர்ட் கிளைவ் கொடுத்ததாகச் சொல்லும் ஒரு நகை உண்டு. கிளைவ் மகரகண்டி என்றே பேர். திருவிழாவில் பெருமாள் கழுத்தில் ஏறும். கிளைவ் இந்தியாவில் அள்ளிய சொத்து எங்கிருந்து வந்தது என்று லண்டன் பார்லிமென்ட் 1772, 73இல் அவரைக் கூப்பிட்டு வைத்துக் கேள்வி கேட்டது. காஞ்சியில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கொள்ளைக்காரனுக்கு அவன் ஊரில் விசாரணை. நம் ஊரில் முதல் மரியாதை.

1939 ஜூலை 8ஆம் தேதி மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களையும் நாடார்களையும் அழைத்துக்கொண்டு வைத்தியநாத ஐயர் நுழைந்தார். 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. கோயில் எல்லோருக்கும் பொது என்று எழுதி வைத்தார்கள். எழுதியதை யாரும் அழிக்கவில்லை. உள்ளே கம்பி மட்டும் கட்டினார்கள். ஒரு கம்பிக்கு அந்தப் பக்கம் இலவச தரிசனம், இந்தப் பக்கம் சிறப்பு தரிசனம். அன்று பிறப்பைக் கேட்டு நிறுத்தினார்கள். இன்று சில்லறையைக் கேட்டு நிறுத்துகிறார்கள். சில்லறையும் தேவையில்லாதவருக்கு அர்த்த மண்டபம். அண்ணா பிறந்த ஊர் இது. இந்த ஊரில் பிறந்த அரசியலில்தான் வளர்ந்தோம் என்று சொல்லிக்கொள்ளாத கட்சி இரண்டு திராவிடக் கட்சிகளில் எது? இரண்டு ஆட்சியிலும் கம்பி அப்படியேதான் இருக்கிறது. ஆட்சி மாறினால் கம்பிக்குப் பெயின்ட் மாறும்.

காஞ்சியில் ஒரு கோயில். எது என்பது முக்கியமில்லை, எல்லாவற்றிலும் இதுதான். ஆடி வெள்ளி. இலவச வரிசையில் நாங்கள் ஒருவர் முதுகை ஒருவர் மோந்துகொண்டு நிற்கிறோம். மின்விசிறி சிறப்பு வரிசைக்கு மேலேதான் ஓடுகிறது. எனக்கு முன்னால் படப்பையிலிருந்து எங்களோடு பஸ் ஏறிய ஆயா, எழுபது வயதுக்குக் குறையாது. மஞ்சப் பையில் ஒரு தேங்காய், கசங்கிய வெற்றிலை, அரை முழம் மல்லி. சந்நிதிக்குப் பத்தடி இருக்கும்போது பணியாளர் ஒருவர் குறுக்கே கயிற்றைப் போட்டார். "நில்லும்மா, நில்லு நில்லு." பக்கத்துக் கதவு திறந்தது. கரை வேட்டி, வெள்ளைச் சட்டை, பின்னால் செல்போன் தூக்கிய நாலு பையன்கள். "அண்ணே, இப்படி வாங்கண்ணே." மாலை வந்தது. பரிவட்டம் வந்தது. ஆரத்தி இரண்டு தடவை வந்தது. கால் மணி நேரம். ஆயா கயிற்றைப் பிடித்துக்கொண்டே கேட்டது:

"ஏம்ப்பா, அவங்களுக்கு வேற சாமியா?"

"அதே சாமிதான் ஆயா. வேற வழி."

கயிறு போட்ட பையன் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னான். அறநிலையத் துறை அச்சடிக்கிற எந்தக் கையேட்டிலும் இவ்வளவு தெளிவு கிடையாது. கயிறு அவிழ்ந்தபோது ஆயாவுக்குக் கிடைத்தது மூன்று விநாடி. "நவுரு, நவுரு." தேங்காய் உடையாமலே திரும்பி வந்தது.

தட்டில் விழும் காசு பற்றியும் ஒரு வார்த்தை. வரிசையில் நிற்கிறவனின் பத்து ரூபாய்க்கு விபூதி தூரத்திலிருந்து பறந்து வரும். ஐநூறு ரூபாய் நோட்டுக்குக் குங்குமம், பூ, குலம் கோத்திரம் விசாரிப்பு. அர்ச்சகரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அவர் கையில் இருக்கிற சம்பளத்தை வைத்துப் பார்த்தால் அவரும் இன்னொரு வரிசையில் நிற்கிறவர்தான்.

இப்போது செலவுக் கணக்கு. 2015 ஜனவரியில் மத்திய அரசு பாரம்பரிய நகரங்களுக்காக ஹ்ருதய் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. 12 ஊர்கள். 500 கோடி. தமிழ்நாட்டில் காஞ்சிபுரம், வேளாங்கண்ணி. திட்டம் முடிந்தது 2019 மார்ச்சில். நன்றாகக் கவனியுங்கள். மார்ச்சில் பாரம்பரிய நகரம் தயார் என்று கோப்பை மூடினார்கள். ஜூலையில் ஜனம் வந்தது. ஒரு கோடி பேருக்கு மேல் வந்தார்கள் என்பது அரசுக் கணக்கு. வந்தவர்கள் முதலில் தேடியது பெருமாளை அல்ல, கழிப்பறையை. இருந்தது: தற்காலிகக் கழிப்பறை, தற்காலிக பஸ் நிலையம், தற்காலிகப் பந்தல், தற்காலிக மருத்துவ முகாம். ஆயிரத்து முந்நூறு வருஷமாக நிற்கிற கைலாசநாதர் கோயில் உள்ள ஊரில் நம் காலத்து அரசாங்கம் கட்டியதெல்லாம் தற்காலிகம். அதைக் கட்டிய ராஜசிம்மன் டெண்டர் விடவில்லை என்பது தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. குப்பை அள்ள வெளி ஊர்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களைக் கொண்டுவந்தார்கள். சாமி போன பிறகு அத்தனை எச்சில் இலையும் செருப்பும் தண்ணீர் பாட்டிலும் அவர்கள் கையால் போயின. மேற்கு வாசல் பாஸ் அவர்களில் எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள் என்று மட்டும் தகவல் அறியும் சட்டத்தில் கேட்டுவிடாதீர்கள். கேட்டவர் பையில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

கூட்டம் தாங்காமல் ஆகஸ்ட் நடுவில் மாவட்டத்தில் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தரிசன நாளை நீட்டிக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். முடியாது என்றது நீதிமன்றம். குளத்தில் நிரப்பப்போகிற தண்ணீர் சுத்தமானதா என்று சோதித்துச் சொல்லும்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேட்டதும் அதே நீதிமன்றம். ரொம்ப நியாயம். படப்பையில் டேங்கர் லாரியில் வருகிற தண்ணீர் சுத்தமானதா என்று கேட்க நாங்களும் போகலாம். அதற்கு முன் நாங்கள் அத்தி மரத்தில் பிறந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 17 இரவு அவர் திரும்பவும் தண்ணீருக்குள் போனார். 2059 வரைக்கும் நிம்மதி. மேலே இருக்கிறவர்களுக்கு நிம்மதி இல்லை. தென்கலையாரும் வடகலையாரும் பாக்கி இருக்கிறார்களே. பெருமாள் புறப்பாட்டில் முதலில் யார் நிற்பது, யார் எதைப் பாடுவது. இந்த வழக்குக்கு வயது இருநூறைத் தாண்டும். கம்பெனிக்காரன் பார்த்தான், வெள்ளைக்கார ஜட்ஜ் பார்த்தான், சுதந்திர இந்திய ஜட்ஜுகள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். தள்ளுமுள்ளு மட்டும் செல்போன் வீடியோவாக வருஷம் தவறாமல் வருகிறது. பஞ்சகச்சம் அவிழ அவிழச் சண்டை. கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்ற வழக்கு லண்டன் ப்ரிவி கவுன்சில் வரை போனதாக ஊரில் சொல்வார்கள். யானைக்கு எது போட்டார்களோ, வேடிக்கை பார்த்த ஜனத்துக்குப் போட்டது பெரிய நாமம். ஏனென்றால் இந்த வழக்குகளில் எத்தனை தலைமுறை வக்கீல்கள் வீடு கட்டினார்கள் என்பதற்குக் கணக்கு யாரும் வைக்கவில்லை.

சிரிப்பு வருகிற வரைக்கும் சிரித்தாகிவிட்டது. சிரிக்க முடியாதது ஒன்று இருக்கிறது.

2004 செப்டம்பர் 3. இதே வரதராஜப் பெருமாள் கோயில் வளாகம். மேலாளர் சங்கரராமன் கோயில் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த வருஷ நவம்பரில், தீபாவளி நேரத்தில், காஞ்சி மடாதிபதி ஜெயேந்திர சரஸ்வதி கைதானார். நாடே அதிர்ந்தது. வழக்கு புதுச்சேரிக்குப் போனது. 189 சாட்சிகளில் 83 பேர் பிறழ் சாட்சி ஆனார்கள். 2013 நவம்பர் 27இல் குற்றம் சாட்டப்பட்ட 23 பேரும் விடுதலை. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றது நீதிமன்றம். தீர்ப்பு தீர்ப்புதான். அவர்கள் செய்யவில்லை. சரி. அப்படியானால் யார் செய்தது? இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டில் எந்த ஆட்சியும் வாய் திறந்து கேட்டதில்லை. அடுத்த நாளே புதிய விசாரணை தொடங்கியிருக்க வேண்டிய இடத்தில் பட்டாசு வெடித்தது. ஒரு மனிதனைப் பட்டப்பகலில், கோயிலுக்குள், தெய்வத்தின் கண்ணெதிரே வெட்டினார்கள். வெட்டியவர் இன்று வரை யாரும் இல்லை. அவர் மனைவி மக்கள் நின்ற வரிசைக்கு எந்தக் கோபுரத்திலும் வாசல் திறக்கவில்லை. செல்வாக்குள்ளவர் சாமி பார்க்க வந்தால் அரைமணியில் ஜில்லா நிர்வாகமே வாசலில் நிற்கிற ஊர் இது.

ஏகாம்பரநாதர் கோயில் பக்கம் போனால் வேறு வழக்கு. புதிதாகச் செய்த சோமாஸ்கந்தர் உற்சவர் சிலையில் தங்கம் சேர்த்ததாகக் கணக்கு. சோதித்ததில் தங்கமே இல்லை என்பது சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவின் குற்றச்சாட்டு. 2018இல் அறநிலையத் துறையின் உயர் அதிகாரி ஒருவரையே கைது செய்தார்கள். குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். வாயையும் வயிற்றையும் கட்டி, தாலிக்கொடியில் இருந்த குண்டுமணியைச் சாமிக்குக் கொடுத்த அம்மாவுக்கு ரசீது உண்டா என்பதை யார் சொல்வார்கள்? அவளும் இலவச வரிசையில்தான் நின்றிருப்பாள்.

2059 என்ன ரொம்ப தூரமா? போன 40 வருஷம் போன வேகத்தைப் பார்த்தோம். ஆகவே அரசுக்கு ஒரு யோசனை. செலவில்லாதது. அனந்தசரஸ் குளத்தில் நீராழி மண்டபத்துக்குக் கீழே இடம் இருக்கிறது. பெருமாளை வெளியே எடுத்துவிடுங்கள். வருஷம் 365 நாளும், ஒரே வாசல் வழியாக, எல்லோரும் பார்த்துவிட்டுப் போகட்டும். காலியான இடத்தில் நம் விஐபி, விவிஐபி, டோனர் அத்தனை பேரையும் பத்திரமாக இறக்கி வைத்துவிடலாம். 40 வருஷத்துக்கு ஒரு முறை, 48 நாள், அவர்கள் வெளியே வந்து எங்களுக்குத் தரிசனம் தரட்டும். முதல் பாதி படுத்த கோலம். அது அவர்களுக்குப் பழக்கம்தான். பிற்பாதி நின்ற கோலம். எங்களைப் போல வெயிலில், ஒரு காலை மாற்றி ஒரு கால் வைத்து. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அவர்களை இறக்குவதற்கு முன்னால் ஒரு தடவை, இறக்கிய பின்னால் ஒரு தடவை தண்ணீரைச் சோதித்துக்கொள்ளட்டும்.

படப்பை டீக்கடையில் இந்த யோசனையைச் சொன்னேன். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே நிதானமாகக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு ஆட்சேபணை சொன்னார்.

"நல்ல யோசனதான் சார். ஆனா குளத்துல எறங்குறதுக்கும் மேற்கு வாசல் பாஸ் கேப்பானுங்களே!"